கம்பைலரின் வாயை அடைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் கணினிப் பக்கத்தில் ஒரு மாணவர் கேட்ட கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் படித்தேன். லிஸ்ப் மொழியில் ஒரே ஃபைலில் எழுதி வைத்திருந்த புரோகிராமை நாலைந்து ஃபைலாகப் பிரித்தாராம், பிரித்ததும் கம்பைலர் (எழுதியதைக் கணினி ஓட்டும்படி மாற்றித் தருகிற மென்பொருள்) திரை நிறைய எச்சரிக்கைகளைக் கொட்டுகிறதாம், என்ன செய்வது என்று கேட்டிருந்தார். இவை பிழைகள் இல்லை, புரோகிராம் ஓடும், எச்சரிக்கைகளை அணைத்து வைத்துவிடுங்கள் என்று பதில் சொல்லி, அணைப்பதற்கான வரியையும் அச்சிட்டிருந்தீர்கள். தமிழ் நாளிதழில் லிஸ்பைப் பற்றி ஒரு கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் பதில் தவறு. இதே யோசனையை நானும் ஒருமுறை செய்து, அதனால் எங்கள் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கிறவர்களுக்கு மூன்று நாள் காசு குறைந்து போனது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவின் வீட்டுக்காரர் குலசேகரம் பக்கத்தில் பால் வாங்கும் கடை வைத்திருக்கிறார். மற்ற மாவட்டத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: பால் என்றால் இங்கே ரப்பர் பால். விடியும் முன்பே வெட்டி, சிரட்டையில் வடிந்ததை எடுத்து ஒன்றாக்கி, கேனில் கொண்டுவருவார்கள். அதை வெறும் எடைக்கு வாங்க முடியாது. பாலில் தண்ணீர்தான் பெரும்பகுதி, அதற்குள் காய்ந்த ரப்பர் நூற்றுக்கு எவ்வளவு இருக்கிறது என்பதுதான் விலை. அந்த அளவை டி.ஆர்.சி. என்பார்கள், முப்பதிலிருந்து நாற்பது வரை இருக்கும், மரத்துக்கும் மழைக்கும் தக்கபடி மாறும். மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை விட்டு அளவு பார்ப்பார்கள். எடை, டி.ஆர்.சி., அன்றைய விலை மூன்றையும் பெருக்கினால் தொகை. சிரட்டையில் காய்ந்து ஒட்டிக்கொள்கிற ஒட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு, பாலை உறைய வைத்துத் தட்டையாக்கிய ஷீட்டுக்குத் தனிக் கணக்கு, முன்பணம் வாங்கியிருந்தால் அதைக் கழிக்க வேண்டும். இதையெல்லாம் அத்தான் நோட்டில் எழுதிக் காலையில் ஒரு மணிநேரம் மண்டையை உடைப்பார், அதைப் பார்த்துத்தான் நான் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன்.

ஏன் லிஸ்ப் என்று என்னை எல்லாரும் கேட்பார்கள். ஜான் மெக்கார்த்தி 1958-இல் தொடங்கிய மொழி, இவ்வளவு பழசு எதற்கு என்று. எனக்கு அது கைக்குப் பழகிய மொழி, அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமுக்குள்ளேயே ஒரு ஃபங்ஷனை, அதாவது பெயர் வைத்த ஒரு சின்ன வேலையை, மாற்றி, அப்படியே தொடர்ந்து ஓட்டலாம், கடையில் அத்தான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நான் மாற்றிக் காட்டலாம். அதோடு நான் பயன்படுத்துகிற எஸ்.பி.சி.எல். என்ற கம்பைலரில் ஃபங்ஷனுக்கும், மதிப்பை வைத்துக்கொள்கிற வேரியபிளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ஒரு லிஸ்பிலிருந்து 1999-இல் பிரிந்து வந்தது அது, கார்னகி ஸ்டீல்காரர், மெலன் பேங்க்காரர், அதனால் ஸ்டீல் பேங்க் என்று பெயர் வைத்தார்கள். எடை, தொகை, ஒட்டுப்பால் என்று நம் சொல்லிலேயே எழுதிய புரோகிராமை அத்தானுக்கும் காட்ட முடிந்தது. அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் தொகை என்ற வரியைப் படித்து, 'முன்பணம் கழிக்கிறது இதுக்குப் பொறவுதானே வரணும்?' என்று கேட்டார். சரியான கேள்வி. அதை மாற்றினேன்.

புரோகிராம் 1,400 வரி தாண்டியபோது ஒரே ஃபைலில் தேடிப் பிடிப்பது கஷ்டமாகிவிட்டது. நாலாகப் பிரித்தேன். அடிப்படை, ரசீது, அறிக்கை, கணக்கு என்று பெயர். பிரித்து எடுத்த வரிசையிலேயே அவற்றை ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்து ஏற்றும்படி சின்னதாக ஒரு ஃபைலும் எழுதினேன். புதிதாகத் திறந்த லிஸ்பில் அதை ஓட்டினால் திரை முழுக்க எச்சரிக்கை. எண்ணிப் பார்த்தேன், 43. ஏறக்குறைய எல்லாமே, இந்த ஃபங்ஷன் எனக்குத் தெரியாது என்று சொல்கிற வகை.

இது ஏன் வருகிறது என்பதை உங்கள் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஃபைலாக இருக்கும்போது, மேலே உள்ள ஃபங்ஷன் கீழே வரப்போகிற ஃபங்ஷனைக் கூப்பிட்டால் கம்பைலர் உடனே குறை சொல்லாது. குறித்து வைத்துக்கொண்டு ஃபைல் முடியும் வரை காத்திருக்கும், முடிவதற்குள் அந்த ஃபங்ஷன் வந்துவிட்டால் பேசாமல் இருந்துவிடும். ஃபைலைப் பிரித்ததும் ஒவ்வொரு ஃபைலின் முடிவிலும் அது கணக்கு முடித்துவிடுகிறது. ரசீது கூப்பிடுகிற தொகை என்ற ஃபங்ஷன் கணக்கு ஃபைலில், அதுவோ இன்னும் வரவில்லை, அதனால் தெரியாது என்கிறது. அது சொல்வது உண்மை, அந்த நிமிடத்தில் அதற்குத் தெரியாது. பேச்சிப்பாறைத் தண்ணீரை நம்பி விவசாயம் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், மேல்மடை திறக்காமல் கடைமடைக்காரர் வாய்க்காலில் போய் நின்றால் தண்ணீர் வராது.

சரி, 43 எச்சரிக்கையில் நான் என்ன செய்தேன்? ஸ்டைல் வார்னிங் என்ற வகை முழுவதையும் அமுக்கிவிட ஒரு வரி போட்டேன், நீங்கள் அச்சிட்ட அதே மாதிரி வரி. லிஸ்பில் எச்சரிக்கை இரண்டு தரம். முழு வார்னிங் ஒன்று, அதைவிட லேசானது என்று கருதப்படுகிற ஸ்டைல் வார்னிங் ஒன்று. தெரியாத ஃபங்ஷன் என்பது எஸ்.பி.சி.எல்.-இல் ஸ்டைல் வார்னிங், தெரியாத வேரியபிள் என்பது முழு வார்னிங். பெயரில் ஸ்டைல் என்று இருப்பதால் அழகு பற்றிய குறிப்பு போல என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அமுக்கியதும் திரை சுத்தமாகிவிட்டது. என் வீட்டு கணினியில் ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. மறுநாள் கடைக் கணினியில் புதிதாக ஏற்றிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அத்தான் போன் செய்து உடனே வரச் சொன்னார். போனபோது கடை வாசலில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார், இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கடைக்குப் பால் கொண்டுவருகிறவர். கையில் ரசீது. என்னைப் பார்த்ததும், 'மக்கா, எனக்க பாலு இப்பிடித் தண்ணியாவா போச்சு? நான் ஒரு சொட்டு தண்ணி ஊத்தல' என்றார். கோபமாகச் சொல்லவில்லை, குரல் இறங்கியிருந்தது. ரசீதில் டி.ஆர்.சி. 33 என்று இருந்தது. மெட்ரோலாக் பார்த்து நோட்டில் எழுதியிருந்தது 38. அவருடைய பால் அன்று 20 கிலோ. 38 என்றால் காய்ந்த ரப்பர் 7.6 கிலோ, 33 என்றால் 6.6 கிலோ. கிலோ 180 ரூபாய் விலைக்கு, 1,368 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 1,188. அவருக்கு 180 ரூபாயைவிடப் பெரியது வேறொன்று: பாலில் தண்ணீர் ஊற்றுகிறவன் என்ற பெயர். பால்வெட்டில் அதைவிடக் கெட்ட பெயர் கிடையாது.

முந்தின இரண்டு நாள் ரசீதையும் எடுத்துப் பார்த்தோம். யார் கொண்டுவந்தாலும் 33. இடையிடையே மழை பெய்ததால் பால் நீர்த்திருக்கும் என்று கல்லாவில் இருந்த பையனும் நினைத்திருக்கிறான், வாங்கிப் போனவர்களும் நினைத்திருக்கிறார்கள்.

இப்போது அந்தப் பிழையைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன், ஏனென்றால் இது ஃபைல் பிரித்ததால் மட்டுமே வந்த பிழை. லிஸ்பின் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், புரிந்துகொள்வார்கள். கணக்கு ஃபைலில் இப்படி ஒரு வரி:

(டெஃப்வார் *டிஆர்சி* 33)

அளவு பார்க்காமல் விட்டால் 33 என்று வைத்துக்கொள் என்பது அதன் பொருள். டெஃப்வார் இன்னொரு வேலையும் செய்கிறது. இந்தப் பெயர் ஸ்பெஷல் வேரியபிள், இதற்கு எங்கேயாவது தற்காலிகமாக மதிப்புக் கொடுத்தால், அதற்குள்ளிருந்து கூப்பிடப்படுகிற எல்லா ஃபங்ஷனுக்கும் அந்த மதிப்புதான் தெரிய வேண்டும் என்று கம்பைலருக்கு அறிவிக்கிறது. ரசீது ஃபைலில் அதைப் பயன்படுத்துகிற வரி:

(லெட் ((*டிஆர்சி* அளவு)) (தொகை எடை))

மெட்ரோலாக் அளவை *டிஆர்சி*-யில் வை, பிறகு தொகையைக் கூப்பிடு. ஒரே ஃபைலில் டெஃப்வார் மேலே இருந்தவரை இது சரியாக நடந்தது. பிரித்த பிறகு என் வரிசையில் ரசீது முந்தி, கணக்கு கடைசி. ரசீதைக் கம்பைல் செய்யும்போது *டிஆர்சி* ஸ்பெஷல் என்று கம்பைலருக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் அதைச் சாதாரண உள்ளூர் வேரியபிளாக எடுத்துக்கொண்டது. அந்த லெட்டின் அடைப்புக்குறிக்கு வெளியே அந்த மதிப்பு போகாது. கணக்கு ஃபைலில் இருக்கிற தொகை, தனக்குத் தெரிந்த 33-ஐ எடுத்துப் பெருக்கிக்கொண்டே இருந்தது. ரசீதில் டி.ஆர்.சி. அச்சிடுகிற ஃபங்ஷனும் கணக்கு ஃபைலில்தான், அதுவும் 33-ஐயே அச்சிட்டது. கணக்கு ஃபைல் அப்புறம் வந்து ஏறினாலும் ஏற்கெனவே கம்பைல் ஆன ரசீது மாறாது.

கம்பைலர் இதைச் சொல்லாமல் இருந்ததா? சொன்னது, ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னது. *டிஆர்சி* என்ற வேரியபிள் வைத்திருக்கிறாய், எங்கும் பயன்படுத்தவில்லையே என்று ஒன்று. பெயரின் இரண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டிருக்கிறாய், அது ஸ்பெஷல் வேரியபிளுக்கு வைக்கிற வழக்கம், ஆனால் நான் இதைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன் என்று இன்னொன்று. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன்கூடச் சொல்ல முடியாது. இரண்டுமே ஸ்டைல் வார்னிங். அந்த ஃபைலில் வேறெங்கும் அந்தப் பெயரை நேரடியாகப் படிக்காததால் முழு வார்னிங் எதுவும் வரவில்லை. 43 எச்சரிக்கைகளின் இரைச்சலைத் தாங்க முடியாமல் நான் போட்ட ஒரு வரி, இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்து அமுக்கிவிட்டது.

வீட்டில் ஏன் சரியாக ஓடியது என்ற கேள்வி வரும். இதைப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். என் கணினியில் லிஸ்ப் நாள்கணக்காக மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் டெஃப்வார் எப்போதோ ஏறிவிட்டது. *டிஆர்சி* ஸ்பெஷல் என்று அதற்கு முன்பே தெரியும், அதனால் ரசீதை எத்தனை முறை கம்பைல் செய்தாலும் சரியாகவே செய்தது, எச்சரிக்கையும் வந்திருக்காது. கடையில் புதிதாகத் திறந்த லிஸ்பில் முதல் வரியிலிருந்து ஏற்றியபோதுதான் வரிசையின் ஓட்டை தெரிந்தது. லிஸ்பின் பெரிய வசதியே இந்த இடத்தில் கண்ணை மறைக்கிறது. ஃபைல் பிரித்தால், எல்லாவற்றையும் மூடிவிட்டு, பழைய ஃபாஸ்ல் கோப்புகளை, அதாவது கம்பைல் செய்து வைத்தவற்றை, அழித்துவிட்டு, புதிதாகத் திறந்து ஒருமுறை கம்பைல் செய்து பார்த்தால் மட்டுமே அது உண்மையான சோதனை.

அன்று மாலைக்குள் நோட்டை வைத்து 61 ரசீதையும் திரும்பக் கணக்குப் போட்டோம். குறைந்தவர்களுக்கு மீதியைக் கொடுத்தார் அத்தான், பால் 31, 32 இருந்து கூடுதலாக வாங்கிப் போனவர்களிடம் திருப்பிக் கேட்கவில்லை. பெரியவரிடம் நான் நேரில் போய், உங்கள் பாலில் குறையில்லை, நான் எழுதியதில்தான் தப்பு என்று சொன்னேன். சரி மக்கா என்று தலையை ஆட்டினார்.

அப்புறம் அந்த 43-க்கு வருகிறேன். அமுக்கிய வரியை எடுத்தேன். டெஃப்வார்கள் எல்லாவற்றையும் அடிப்படை ஃபைலுக்குக் கொண்டுபோனேன். கம்பைல் ஆகும்போதே வேறு வரிகளாக விரிகிற மேக்ரோக்களையும் தனி ஃபைலாக்கி அதற்கு அடுத்ததாக வைத்தேன். கணக்கு, ரசீது, அறிக்கை என்று யார் யாரை நம்பி இருக்கிறார்களோ அந்த வரிசையில் மாற்றினேன். பிறகு வித்-கம்பைலேஷன்-யூனிட் என்று காமன் லிஸ்பிலேயே ஒரு வசதி இருக்கிறது, எல்லா ஃபைலையும் கம்பைல் செய்கிற வரிகளை அதற்குள் போட்டால், தெரியாத ஃபங்ஷன் கணக்கை ஃபைலுக்கு ஃபைல் முடிக்காமல் கடைசி ஃபைலும் முடிந்த பிறகு ஒரேயடியாக முடிக்கும். இவ்வளவும் செய்து ஓட்டினேன். 43 எச்சரிக்கை மூன்றாகிவிட்டது, எதையும் அமுக்காமலேயே.

அந்த மூன்றும் என்ன தெரியுமா? ஒன்று, பழைய பெரிய ஃபைலிலிருந்து எடுத்து வைக்க நான் மறந்துபோன ஒரு ஃபங்ஷன். மாதக் கடைசியில் மட்டும் அது கூப்பிடப்படும், அதுவரை தெரியாமலேயே இருந்திருக்கும். மற்ற இரண்டும் எழுத்துப் பிழை. கணக்கு ஃபைலில் ஒட்டுப்பால்-தொகை என்று எழுதியிருக்கிறேன், அறிக்கை ஃபைலில் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகக் கூப்பிட்டிருக்கிறேன், ஓரிடத்தில் ப் விட்டுப்போய் ஒட்டுபால்-தொகை, இன்னோரிடத்தில் ஒட்டுப்பால்-தோகை. வல்லினம் மிகும் இடத்தில் ஒற்றை விட்டால் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா அரை மார்க் குறைப்பார், கம்பைலர் அப்படி ஒரு ஃபங்ஷனே கிடையாது என்கிறது. தமிழில் பெயர் வைத்துப் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை, ன, ண, ர, ற, ஒற்று என்று நமக்குத் தவறுவதற்கு எத்தனையோ இடம் இருக்கிறது. இந்த மூன்றும் முதலிலேயே அந்த 43-க்குள் இருந்தவைதான்.

இன்னும் சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பைல்-ஃபைல் என்ற ஃபங்ஷன் மூன்று மதிப்புகளைத் திருப்பித் தரும், பலர் முதலாவதை மட்டும்தான் பார்க்கிறார்கள். இரண்டாவது, ஸ்டைல் வார்னிங் உட்பட ஏதாவது எச்சரிக்கை வந்ததா என்று சொல்கிறது, மூன்றாவது, அதைவிடக் கடுமையாக ஏதாவது வந்ததா என்று. கடைக்குக் கொண்டுபோகிற கட்டத்தில் இரண்டில் எது வந்தாலும் நிற்கும்படி எழுதிவிடுங்கள். ஆனால் கம்பைலேஷன் யூனிட்டுக்குள் போட்டிருந்தால், தெரியாத பெயர்களின் பட்டியல் கடைசியில் தனியாக வரும், ஃபைலின் மதிப்பில் அது சேராது, அதனால் திரையின் கடைசிப் பகுதியையும் கண்ணால் படிக்க வேண்டும். கையால் வரிசை எழுதுவது சிரமம் என்றால் அதைக் கவனித்துக்கொள்ள ஏ.எஸ்.டி.எஃப். என்ற கருவி இருக்கிறது. டேனியல் பார்லோ தொடங்கி வைத்து, பிறகு பலர் கைபட்டு வளர்ந்தது, எஸ்.பி.சி.எல்.-லோடு கூடவே வருகிறது. அதில் ஃபைல்களின் பெயரை எழுதி, சீரியல் டி என்று ஒரு சொல் போட்டால், எழுதிய வரிசைதான் கம்பைல் வரிசை. ஒரு ஃபைலை மாற்றினால் அதற்குப் பின்னால் உள்ளவற்றையும் அதுவே திரும்பக் கம்பைல் செய்துகொள்ளும், மேக்ரோ மாற்றியபோது இது பெரிய உதவி.

இரண்டு ஃபைல் ஒன்றையொன்று கூப்பிடுகிற சிக்கலும் வரும். யூனிட்டுக்குள் போட்டாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்படியும் தேவைப்பட்டால் டெக்ளேம் போட்டு, இந்தப் பெயரில் ஒரு ஃபங்ஷன் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லலாம். நான் கூடியவரை செய்வதில்லை. அங்கேயே பெயரைத் தப்பாக எழுதிவிட்டால், இல்லாத ஃபங்ஷனை இருக்கிறது என்று நானே வாக்குக் கொடுத்தது போலாகிவிடும், கம்பைலரும் நம்பிவிடும். பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவானதைப் பிரித்து மூன்றாவது ஃபைலாக முன்னால் வைத்தாலே போதும்.

எச்சரிக்கையை அமுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் புரோகிராமில் இப்போதும் ஓரிடத்தில் அமுக்கியிருக்கிறேன். ஒரே ஒரு ஃபங்ஷனில், ஒரே ஒரு வகையை, ஏன் என்று மேலே இரண்டு வரி தமிழில் எழுதி வைத்து. நாளைக்கு வேறொருவர் அந்த ஃபைலைத் திறந்தால் அவருக்குக் காரணம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து படிக்கிறார்கள். அவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். கம்பைலர் ஏதாவது சொன்னால் படிக்காமல் மேலே தள்ளிவிட்டு, ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். ஆங்கிலம் தெரியாததால் இல்லை, அந்த வாக்கியங்கள் தங்களிடம் பேசுகின்றன என்ற எண்ணமே அவர்களுக்கு வரவில்லை. அதனால் எச்சரிக்கை வந்ததும் அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். 'இந்த வேரியபிளை வச்சிருக்கே, எங்கயும் எடுக்கலையே' என்று ஒரு பெண் சொல்லிவிட்டு, சொன்ன அந்த மூச்சிலேயே தன் பிழை எங்கே என்று விரலை வைத்தாள். உங்கள் கணினிப் பக்கம் அந்தத் திண்ணையைவிட எவ்வளவோ பெரியது. எத்தனை ஊர்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள், அவர்களிடம் அணைத்துவிடு என்று சொல்லும்போது, படிக்காதே என்றுதான் காதில் விழுகிறது.

கடைசியாக அந்த மாணவரின் கேள்விக்கு. அவர் தனக்கு வந்த எச்சரிக்கைகளில் இரண்டை எழுதியிருந்தார், நீங்களும் அப்படியே அச்சிட்டிருந்தீர்கள். வரி என்ற ஃபங்ஷன் தெரியாது, வரி என்ற வேரியபிள் தெரியாது. ஒரே பெயர், ஃபங்ஷனாகவும் தெரியாது, வேரியபிளாகவும் தெரியாது. இந்த ஜோடியைப் பார்த்தால் ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம், அவருடைய மேக்ரோ அதைப் பயன்படுத்துகிற ஃபைலுக்குப் பின்னால் இருக்கிறது. அவர் இப்படி ஏதோ எழுதியிருப்பார்:

(ஒவ்வொரு (வரி பட்டியல்) (அச்சிடு வரி))

பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் வரி என்ற பெயரில் எடுத்து அச்சிடு என்று விரிக்கிற மேக்ரோ. மேக்ரோ இன்னும் வராத நிலையில் கம்பைலர் ஒவ்வொரு என்பதையே ஒரு ஃபங்ஷனாக எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்தால் உள்ளே இருக்கிற (வரி பட்டியல்) என்பது வரி என்ற ஃபங்ஷனைக் கூப்பிடுவதாகிவிடும், பின்னால் வருகிற வரி எங்கிருந்தோ வந்த வேரியபிளாகிவிடும். இரண்டும் அதற்குத் தெரியாது, தெரியாது என்றே சொல்லியிருக்கிறது. மூன்றாவதாக, ஒவ்வொரு என்ற ஃபங்ஷனும் தெரியாது என்று அவருடைய திரையில் நிச்சயம் இருந்திருக்கும். புரோகிராம் ஓடும் என்று நீங்கள் எழுதினீர்கள். ஓடாது, அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிடும். மேக்ரோ ஃபைல் பிறகு ஏறினாலும் ஏற்கெனவே கம்பைல் ஆனது திருந்தாது.

அதனால் தயவுசெய்து அவருக்கு இதை எழுதுங்கள். மேக்ரோக்கள் உள்ள ஃபைலை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கட்டும், பெயர்களைத் தொகுத்து வைக்கிற பேக்கேஜ் ஃபைல் இருந்தால் அதற்கு மட்டும் அடுத்ததாக. அந்த மேக்ரோ விரியும்போது அவருடைய சொந்த ஃபங்ஷன் எதையாவது கூப்பிட்டால், அந்த ஃபங்ஷனை ஈவல்-வென் என்பதற்குள் போட்டு, கம்பைல் நேரத்திலும் இருக்கும்படி செய்யட்டும். ஒவ்வொரு ஃபைலின் தலையிலும், அது எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தது என்று சொல்கிற இன்-பேக்கேஜ் இருக்கிறதா என்று பார்க்கட்டும். நீங்கள் கொடுத்த அணைக்கும் வரியை எடுத்துவிட்டு, பழைய ஃபாஸ்ல் கோப்புகளை அழித்து, லிஸ்பை மூடிப் புதிதாகத் திறந்து கம்பைல் செய்யட்டும். எத்தனை எச்சரிக்கை மிச்சம் இருக்கிறது, அவை என்ன சொல்கின்றன என்று உங்களுக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும், ஒன்றைக்கூட விடாமல் அச்சிடுங்கள், ஒவ்வொன்றுக்கும் தமிழில் என்ன பொருள் என்று பக்கத்தில் போட்டு. அதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்